வண்டிக்குக் கைவைத்தியம்

2021 ஜூலை மாதத்தில் இந்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தத்தை வெளியிட்டது. முதன்முதலாகப் பதிவாகி 50 ஆண்டுகளைக் கடந்த இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களைத் தொன்மை வாகனங்கள் எனத் தனியே பதிந்துகொள்ள அது வழிசெய்தது. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். எண் பலகையில் மாநிலத்தின் எழுத்துகளை அடுத்து 'வி.ஏ.' என்ற அடையாளம் வரும். அன்றாடப் போக்குவரத்துக்கோ வாடகைக்கோ அவ்வண்டியை ஓட்டக் கூடாது. கண்காட்சிக்கும் பழைய கார்களின் அணிவகுப்புக்கும் கொண்டுபோகலாம். இவற்றையெல்லாம்விட முக்கியமான நிபந்தனை ஒன்று அதில் உண்டு. வண்டி அதன் மூல வடிவிலேயே பேணப்பட்டிருக்க வேண்டும். அடிச்சட்டத்திலோ கூட்டிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் எதுவும் நிகழ்ந்திருக்கக் கூடாது.

தொன்மையைக் காக்க நினைப்பவர்களின் நோக்கில் இது நியாயமான நிபந்தனைதான். ஆனால் இந்த விதியைக் கையில் வைத்துக்கொண்டு காவிரிப் படுகையின் பழைய கார்களைத் தேடிப் புறப்பட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்கலாம். ஷெட்டில் துணி போர்த்தி நிறுத்தப்பட்டு, வருஷத்தில் இரண்டு நாள் மட்டும் வெளியே வந்த வண்டி தேறிவிடும். கும்பகோணத்துக்கும் மன்னார்குடிக்கும் இடையே நாற்பது வருஷம் கல்யாண வீட்டாரையும் பிரசவ வலி கண்ட பெண்களையும் ஏற்றிக்கொண்டு ஓடிய வண்டி தேறாது. அதற்குள் அதன் எஞ்சின் மாறியிருக்கும். அடிச்சட்டத்தில் இரண்டு இடத்தில் பற்றவைத்திருப்பார்கள். கதவு வேறொரு வண்டியுடையதாக இருக்கும். உழைத்த வண்டிக்குத் தொன்மை இல்லை, ஓய்ந்திருந்த வண்டிக்கு உண்டு என்பது வரலாற்றை விளங்கிக்கொள்வதில் ஏதோ ஒரு கோணலைக் காட்டுகிறது. இந்தக் கட்டுரை தேறாத வண்டிகளைப் பற்றியது. அவற்றை ஓடவைத்த கைவைத்தியத்தைப் பற்றியது.

கைவைத்தியம் என்ற சொல்லை யோசித்தே பயன்படுத்துகிறேன். மருத்துவர் வரும்வரை, அல்லது மருத்துவரே வரமாட்டார் என்பதால், வீட்டில் உள்ளதைக் கொண்டு செய்வது அது. மிளகும் மஞ்சளும் சுக்கும் அஞ்சறைப் பெட்டியில் இருப்பதால் மருந்தாகின்றன. பழைய வண்டிகளைப் பொறுத்தவரை உதிரிப் பாகம்தான் வராத மருத்துவர்.

படுகைக்கு இயந்திரம் புதிதாக வந்த விருந்தாளி அல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். தென்னிந்தியாவின் மிகப் பழைய ரயில் பாதைகளுள் ஒன்று நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கு 1861இல் போடப்பட்டது. பின்னர் நாகப்பட்டினத்திலேயே ரயில்வேயின் பெரிய பணிமனையும் அமைந்தது. 1928இல் அது திருச்சியை அடுத்த பொன்மலைக்கு மாற்றப்படும்வரை அந்தத் துறைமுக நகரத்தில் ஃபிட்டர்களும் கடைசல்காரர்களும் வார்ப்பு வேலை செய்வோரும் ஒரு தலைமுறைக்கு மேல் இருந்தார்கள். இரும்பை அளந்து கடைவது, திருகு வெட்டுவது, தேய்ந்த தண்டைச் சரிசெய்வது ஆகிய வேலைகள், இந்த வட்டாரத்துக்கு மோட்டார் வண்டி வருவதற்கு முன்பே வந்துவிட்டன.

அதற்கும் முந்தையது ஊர்க் கொல்லுப்பட்டறை. மாட்டு வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா போடுவதைப் பார்த்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். மரச் சக்கரத்தின் சுற்றளவைவிடச் சற்றே சிறிதாகப் பட்டாவை அடித்து, வறட்டி அடுக்கி அதைப் பழுக்கக் காய்ச்சி, விரிந்த நிலையில் சக்கரத்தின்மேல் இறக்கி, உடனே தண்ணீர் ஊற்றுவார்கள். இரும்பு சுருங்கி மரத்தை இறுகப் பற்றிக்கொள்ளும், ஆணியே தேவையில்லை. காரின் எஞ்சினில், ஸ்டார்ட்டர் மோட்டார் கடித்துச் சுழற்றுகிற பல்வளையத்தை ஃப்ளைவீல்மேல் ஏற்றுவதும் இதே முறையில்தான்: வளையத்தைச் சூடாக்கி விரியவைத்து, ஏற்றி, ஆறவிடுவது. பர்மிங்காமில் அதற்கு வேறு பெயர் இருந்திருக்கும். திருவாரூரில் வண்டிப் பட்டா போட்ட குடும்பத்திலிருந்து மோட்டார் பட்டறைக்கு வந்த ஒருவருக்கு அதில் வியக்க எதுவும் இருந்திராது.

*

தமிழ்நாட்டில் மோட்டார் கைவைத்தியம் முதன்முதலாகப் பெரிய அளவில், அரசின் ஒப்புதலோடு நடந்தது இரண்டாம் உலகப் போரின்போது. 1941இல் இந்தியாவில் பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமானது. அடுத்த மாதமே பர்மாவின் எண்ணெய்க் கிணறுகளைப் பின்வாங்கிய பிரிட்டிஷார் தாமே அழித்துவிட்டுப் போனார்கள். சென்னை மாகாணத்துக்குப் பர்மாவிலிருந்து வந்துகொண்டிருந்தவை இரண்டு: எண்ணெய், அரிசி. இரண்டும் ஏககாலத்தில் நின்றன. தஞ்சை ஜில்லாவின் நெல்லுக்கு முன்னெப்போதையும்விடத் தேவை கூடியபோது, அந்த ஜில்லாவின் பஸ்களுக்கும் லாரிகளுக்கும் ஊற்ற எண்ணெய் இல்லை.

அப்போது பரவியதே கரிவாயுப் பஸ். மதுரையில் 1910களின் தொடக்கத்தில் பஸ் போக்குவரத்தை ஆரம்பித்த டி.வி. சுந்தரம் ஐயங்காரின் நிறுவனம் இதற்கென்றே 'டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட்' என்ற கலனைத் தயாரித்தது. பஸ்ஸின் பின்புறம் ஆள் உயரத்துக்கு ஒரு கொப்பரையைப் பொருத்தி, அதில் மரக்கரியை இட்டு, போதிய காற்றில்லாமல் கனியவைப்பார்கள். முழுமையாக எரியாத கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். அதைக் குளிரவைத்து, சாம்பலை வடிகட்டி, குழாய் வழியே எஞ்சினுக்கு அனுப்பினால் பெட்ரோல் ஆவியின் இடத்தில் அது எரியும். ஐரோப்பாவில் இதே காலத்தில் லட்சக்கணக்கான வண்டிகள் இப்படி ஓடின. ஜார்ஜ் இம்பெர் என்ற பொறியாளர் 1920களிலேயே விறகில் இயங்கும் கலன் ஒன்றை வடிவமைத்திருந்தார்.

சிரமங்கள் பல. இந்த வாயுவில் ஏறக்குறையப் பாதி, எரியாத நைட்ரஜன். ஆகவே எஞ்சினின் வலுவில் மூன்றில் ஒரு பங்கு, சில சமயம் பாதிவரை குறைந்துவிடும். காலையில் வண்டி கிளம்புவதற்கு வெகு நேரம் முன்பே கொப்பரையைப் பற்றவைத்துத் துருத்தி சுழற்ற வேண்டும். அந்த வேலைக்கென்றே ஓர் ஆள். வடிகட்டியைத் துப்புரவாக்காவிட்டால் சாம்பல் உள்ளே போய் சிலிண்டரை அரித்துவிடும். வாயுவோ நிறமும் மணமும் அற்ற நஞ்சு. மேடு என்பதே அரிதான தஞ்சைச் சமவெளியில் வலுக் குறைவு மலைப்பகுதிகளில் வருத்திய அளவுக்கு வருத்தியிராது. ஆனால் ஆற்றுப் பாலங்களுக்கு ஏறும் சரிவில் நிறைந்த பஸ் திணறினால், இறங்கித் தள்ள வேண்டியவர்கள் பயணிகளே.

போர் முடிந்ததும் கொப்பரைகள் கழற்றி எறியப்பட்டன. கழற்றிப் போடாதது ஒன்று உண்டு. எஞ்சின் என்பது வெளிநாட்டான் தந்த புத்தகத்தில் எழுதியிருப்பதை மட்டுமே உண்ணும் ஜந்து அல்ல, அதன் உணவை மாற்றலாம், அதற்கேற்ப அதன் உள்ளுறுப்புகளையும் மாற்றலாம் என்ற துணிவு அந்த ஐந்தாறு ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான டிரைவர்களுக்கும் கிளீனர்களுக்கும் வந்துவிட்டது. கும்பகோணத்து ராமன் அண்டு ராமன் போன்ற பெரிய பஸ் கம்பெனிகள் தொழிலாளர்களுக்குப் பள்ளிக்கூடமாகவும் அமைந்தன. 1972இல் அது அரசுடைமையாகி, சோழன் போக்குவரத்துக் கழகம் ஆனது. கம்பெனி ஷெட்டில் வேலை பழகிப் பிறகு தனியே பட்டறை போடுவது அந்நாளில் மெக்கானிக்குகளின் இயல்பான வாழ்க்கைப் பாதை.

*

சொந்தக் காரின் கதை வேறு திசையில் போனது. அதை அநாதையாக்கியது பொருளாதாரக் கொள்கை.

ஜெனரல் மோட்டார்ஸ் 1928இல் பம்பாயில் கார்களைப் பூட்டி விற்கத் தொடங்கியது, ஃபோர்டும் பின்தொடர்ந்தது. தஞ்சை மிராசுதார்கள் சிலரின் வாசலில் ஷெவர்லேயும் ஃபோர்டும் ஆஸ்டினும் மாரிஸும் நின்றது இக்காலத்தில்தான். சுதந்திரத்துக்குப் பிறகு, 1953இல் வந்த சுங்கத்தீர்வை ஆணையத்தின் அறிக்கையை ஒட்டி, இந்தியாவிலேயே படிப்படியாக உற்பத்தி செய்யும் திட்டம் உள்ளவர்கள் மட்டுமே கார்த் தொழிலில் இருக்கலாம் என்று அரசு முடிவெடுத்தது. அமெரிக்க நிறுவனங்கள் இரண்டும் கடையைக் கட்டின. சென்னையை அடுத்த எண்ணூரில் 1949 முதல் ஆஸ்டின் ஏ-40 கார்களைப் பூட்டிக்கொண்டிருந்த அசோக் மோட்டார்ஸ், 1955இல் அசோக் லேலண்டாக மாறி லாரிக்கும் பஸ்ஸுக்கும் போய்விட்டது. கார் என்றால் இனி மூன்றே: கல்கத்தாவின் ஹிந்துஸ்தான், பம்பாயின் ஃபியட், சென்னையின் ஸ்டாண்டர்டு. அவற்றுக்கும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

விளைவு எளிதில் ஊகிக்கத்தக்கது. கையிலிருக்கும் பழைய காரை விட்டுவிட முடியாது; அதற்கு உதிரிப் பாகமும் கிடைக்காது. 1950களிலிருந்து 1980களின் நடுப்பகுதிவரை சுமார் முப்பது ஆண்டுகள் இந்த நிலை நீடித்தது. கியூபாவில் அமெரிக்காவின் வர்த்தகத் தடைக்குப் பிறகு 1950களின் அமெரிக்கக் கார்கள் ரஷ்ய எஞ்சின்களோடு ஓடிக்கொண்டிருப்பதைச் சுற்றுலாப் பயணிகள் வியந்து படம் பிடிக்கிறார்கள். நம்மூரிலும் அதே வேலை, அதே காரணத்தின் மென்மையான வடிவத்தால், அதே ஆண்டுகளில் நடந்தது. படம் பிடிப்பார் இல்லை.

அந்தக் கைவைத்தியங்களில் சிலவற்றை இங்கே பதிந்துவைக்கிறேன். பட்டறைகளில் இவற்றை யாரும் ரகசியமாக வைத்திருக்கவில்லை, எழுதிவைக்கவும் இல்லை.

பெட்ரோல் டாங்கில் கசிவு கண்டால் 501 பார் சோப்பை எடுத்து அந்த இடத்தில் அழுத்தித் தேய்ப்பார்கள். கசிவு நின்றுவிடும். தண்ணீரில் கரையும் சோப்பு பெட்ரோலில் கரையாது என்பதே இதன் சூட்சுமம். நெருப்புக் காட்டிப் பற்றவைக்கவே கூடாத இடம் பெட்ரோல் டாங்கு. ஆகவே இது சிக்கனமான வழி மட்டுமல்ல, பாதுகாப்பான வழியும்கூட. ரேடியேட்டரில் பொத்தல் விழுந்தால் ஒரு கை மஞ்சள் தூள். சூடான நீரில் சுழன்றுவரும் தூள், நீர் வெளியேறும் சிறு துளையை நாடிச் சென்று அடைத்துக்கொள்ளும்.

கத்திரி வெயிலில் வண்டி திடீரென நின்றால், பானட்டைத் திறந்து பெட்ரோல் பம்ப்பின்மேல் ஈரத்துணி போடுவார்கள். அம்பாசடர் ஓட்டிய யாரும் இதை மறக்க முடியாது. எஞ்சினின் சூட்டில் குழாய்க்குள் பெட்ரோல் கொதித்து ஆவிக் குமிழாகி வழியை அடைத்துக்கொள்கிறது. துணி குளிர்ந்தால் குமிழ் கரைகிறது. காய்ச்சல்காரனின் நெற்றியில் போடும் பற்றுத்தான் இது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பிரச்சினை நேர்மாறானது. வாய்க்கால் உடைத்துச் சாலைமேல் ஓடும் நீரில் வண்டி இறங்கினால் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஈரம் போய்ப் பொறி வராது. மூடியைக் கழற்றித் துடைத்து, பிளக்குகளை எடுத்து அவற்றின்மேல் இரண்டு சொட்டுப் பெட்ரோல் விட்டுக் கொளுத்திக் காயவைத்து மறுபடி மாட்டுவார்கள்.

பிளக்கின் இடைவெளியை அளக்க ஃபீலர் கேஜ் என்ற தகட்டுக் கருவி உண்டு. பட்டறையில் அது இருக்காது. ஆக்ஸா பிளேடு இருக்கும். அதன் கனம் ஏறக்குறைய 0.6 மில்லிமீட்டர். பழைய பிரிட்டிஷ் எஞ்சின்கள் பலவற்றின் பிளக் இடைவெளியும் அதுதான். பாயிண்டைத் தீட்ட எமரித் தாள் இல்லையென்றால் தீப்பெட்டியின் உரசுப் பக்கம். கேஸ்கெட் வேண்டுமென்றால் தடித்த அட்டையை அந்தப் பாகத்தின்மேல் வைத்துச் சுத்தியலின் உருண்டை முனையால் விளிம்போரம் மெல்லத் தட்டிக்கொண்டே வருவார்கள். இரும்பின் விளிம்பே கத்தரியாகி, துளை உட்பட அச்சாக வெட்டிக் கொடுத்துவிடும்.

அளவுகளுக்குக்கூட உள்ளூர் மொழி உண்டு. ஓர் அங்குலத்தில் எட்டில் ஒன்று 'நூல்'. தச்சரும் கொத்தரும் புழங்கும் இச்சொல்லை லேத்துப் பட்டறை எடுத்துக்கொண்டது. அரை அங்குல போல்ட் 'நாலு நூல்' ஆயிற்று. ஆங்கிலம் அறியாத ஒருவர் பிரிட்டிஷ் காரின் அங்குலக் கணக்கைத் தம் பாட்டனார் மரத்தில் போட்ட கணக்காகவே விளங்கிக்கொண்டார். பால் ரேஸ் என்ற பேரிங்கோ 'பால்ரஸ்' ஆகி, தேய்ந்து கழிந்தபின் சிறுவர்களின் தள்ளுவண்டிக்குச் சக்கரமும் ஆயிற்று. எதுவும் குப்பைக்குப் போகவில்லை. முறிந்த கமான் பட்டை கொல்லுப்பட்டறையில் அரிவாளானது. பழைய அச்சும் டயரும் மாட்டு வண்டிக்குப் போய் அதை 'டயர் வண்டி' ஆக்கின. கொல்லுப்பட்டறை மோட்டாருக்குக் கொடுத்ததை மோட்டார் இப்படித் திருப்பிக் கொடுத்தது.

இன்னொரு சுற்றையும் சொல்லலாம். மாட்டு வண்டியின் அச்சுக்கு வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து மசகு போட்டார்கள். மோட்டாரின் திரவ பிரேக்குக்குத் தொடக்க காலத்தில் பயன்பட்ட எண்ணெயும், சாராயத்தில் கலந்த விளக்கெண்ணெய்தான். அன்றைய பிரேக்கின் இயற்கை ரப்பர் வளையங்களை அது கெடுக்காது.

ஆனால் இந்த இடத்தில் நிதானம் வேண்டும். பிரேக் எண்ணெய் கிடைக்காதபோது விளக்கெண்ணெயை நினைத்தவர் பிழைத்தார். கைக்கு வந்த எஞ்சின் ஆயிலை ஊற்றியவர் பிழைக்கவில்லை. கனிம எண்ணெயில் அந்த ரப்பர் ஊதிப் பெருத்து, பிரேக் இறுகிக்கொள்ளும் அல்லது பிடிக்காமலே போய்விடும். மஞ்சள் தூள் பொத்தலை மட்டும் அடைப்பதில்லை, நாளடைவில் ரேடியேட்டரின் நுண்குழாய்களையும் அடைக்கும். எரிந்த ஃபியூசுக்குப் பதில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளைச் சுற்றிவைத்த வண்டிகள் தீப்பிடித்து எரிந்ததுண்டு. கைவைத்தியத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதன் வெற்றிகளை மட்டுமே சொல்வது வழக்கம். ஏனென்றால் தோல்விகள் கதை சொல்லத் திரும்பி வருவதில்லை. அதேபோல, பன்னிரண்டு வயதில் 'பத்து - பதினொண்ணு எடுடா' என்ற குரலுக்கு ஸ்பேனர் எடுத்துக்கொடுக்கப் போய், சம்பளமில்லாமல், பள்ளிக்கூடமில்லாமல் அந்த ஞானத்தைச் சுமந்த பையன்களையும் மறந்துவிட்டுப் பட்டறையைப் புகழ முடியாது.

*

கோடியக்கரையிலிருந்து கடலைக் கடந்தால் யாழ்ப்பாணம். மோட்டார் கைவைத்தியத்தின் மிகக் கடுமையான தேர்வு நடந்தது அங்கேதான்.

1990 ஜூனில் இரண்டாம் ஈழப் போர் தொடங்கியபின் இலங்கை அரசு வடக்கின்மேல் பொருளாதாரத் தடையை விதித்தது. பெட்ரோல், மின்கலம், உரம் என்று தடைப்பட்டவற்றின் பட்டியல் நீளமானது. மின்சாரமும் நின்றது. மண்ணெண்ணெய் மட்டும் அளவாகவும் அதிக விலைக்கும் கிடைத்தது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெயும் ஒரு திரியும் இட்ட சிக்கன விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதித்து, அதன் டைனமோவில் வானொலி கேட்டார்கள்.

யாழ்ப்பாணத்தில் அப்போது ஓடக்கூடிய நிலையில் இருந்தவை பெரும்பாலும் பழைய பிரிட்டிஷ் கார்கள்: மாரிஸ் மைனர், ஆஸ்டின் ஏ-40, ஆஸ்டின் கேம்பிரிட்ஜ். 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இலங்கை கார் இறக்குமதியை இறுக்கியது. 1977க்குப் பிறகே அது தளர்ந்தது. ஆகவே அங்கும் நம்மூரைப் போலவே பழைய காரைப் பேணும் பழக்கம் முன்பே வேரூன்றியிருந்தது. அந்தப் பழைய கார்களே இப்போது கைகொடுத்தன. புதிய ஜப்பானிய எஞ்சின்கள் உயர்ந்த அழுத்தத்தில் இயங்குபவை. தரமான பெட்ரோல் இல்லாவிட்டால் தட்டும், நின்றுவிடும். 1950களின் ஆஸ்டின் எஞ்சினோ கலவையை ஏழு மடங்கு அளவுக்கே அழுத்தும். மண்ணெண்ணெயின் மட்டமான எரிதன்மையை அது பொறுத்துக்கொள்ளும்.

ஆனால் குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. எனவே சில துளி பெட்ரோலை கார்புரேட்டரில் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். பொன்போல விலை ஏறிய பெட்ரோல் இப்படிச் சொட்டுக் கணக்கில் செலவானது. இது யாழ்ப்பாணத்தார் திடீரெனக் கண்டுபிடித்தது அல்ல. பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடும் டிராக்டர்களை பிரிட்டனே தயாரித்து விற்றது; கிணற்றடியில் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் நீர் இறைத்த சிறு பம்புகளும் அவ்வகையினவே. தோட்டக்காரர்களின் அறிவு காருக்குள் ஏறிக்கொண்டது என்று கருத இடமுண்டு.

அதற்கான விலையையும் எஞ்சின்கள் கொடுத்தன. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி எஞ்சின் ஆயிலை நீர்க்கச் செய்யும், பேரிங்குகள் தேயும், வால்வுகளில் கரி படியும். புகையும் நாற்றமுமாக அந்த வண்டிகள் போயின. ஆனால் போயின. நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அவைதாம். 1995 அக்டோபர் இறுதியில் யாழ்ப்பாண நகரமே தென்மராட்சியை நோக்கி இடம்பெயர்ந்தபோது அந்த நெரிசலுக்குள் ஊர்ந்தவற்றிலும் அவை உண்டு. பழுது பார்த்தல் பொழுதுபோக்காகவோ சிக்கனமாகவோ அல்லாமல், உயிரோடு இருப்பதற்கான வழியாகவே ஆன இடம் அது. 2002இல் ஏ-9 பாதை திறந்து பெட்ரோலும் புது வண்டிகளும் வந்தபின் மண்ணெண்ணெய்க் கார்களின் காலம் முடிந்தது.

அதே 1990களின் தொடக்கத்தில், அதே தீவில், இன்னொரு வேலையும் நடந்துகொண்டிருந்தது. இங்கிலாந்தின் பாத் நகரில் மாரிஸ் மைனர் கார்களைப் புதுப்பித்து வந்த சார்ல்ஸ் வேர் என்பவர், காரை எறியாமல் தலைமுறை தலைமுறையாகப் பேண வேண்டும் என்று வாதாடியவர். இலங்கைக் கூட்டாளி ஒருவருடன் சேர்ந்து அவர் மாரிஸ் மைனருக்கான உதிரிப் பாகங்களை அங்கே செய்விக்கத் தொடங்கினார். பாகங்கள் இங்கிலாந்தின் ஆர்வலர்களுக்குப் போயின. தீவின் ஒரு பகுதியில் மாரிஸ் மைனருக்குப் புத்தம் புதிய பாகங்கள் வார்க்கப்பட்டுக் கப்பல் ஏறின. இன்னொரு பகுதியில் அதே மாரிஸ் மைனர் மண்ணெண்ணெய் குடித்துக்கொண்டு, பாகம் ஏதும் வராமல் ஓடியது. இரண்டும் பேணல்தான். ஒன்று மட்டுமே வரலாற்றில் அப்பெயரால் அறியப்படுகிறது.

*

தொடக்கத்தில் சொன்ன விதிக்கு இப்போது திரும்பலாம். 'மூல வடிவம்' என்பதைத் தஞ்சாவூரில் இருந்துகொண்டு யோசிப்பவருக்கு உடனே ஒரு சிக்கல் எழும். 1010இல் நிறைவடைந்த பெரிய கோயிலின் மூல வடிவம் எது? நம் கண்ணை நிறைக்கும் நந்தி நாயக்கர் காலத்தது. முருகன் சன்னதியும் அவ்வாறே. அம்மன் சன்னதி பாண்டியர் காலத்துச் சேர்க்கை. கருவறையைச் சுற்றிய இருட்டுப் பாதையில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். பின்னாளில் தொல்லியல் துறை மேலடுக்கைச் சிதைக்காமல் உரித்தெடுத்து வேறு பலகைக்கு மாற்றியது. மேலே இருந்ததும் வரலாறு என்று அறிந்ததால்தான் அத்தனை சிரமம். கல்லணையோ இன்னும் தெளிவான சான்று. கரிகாலன் பெயரால் வழங்கும் அந்த அணையில் 19ஆம் நூற்றாண்டின் பிரிட்டிஷ் பொறியாளர்கள் மதகுகளைச் சேர்த்தார்கள், பின்வந்தவர்களும் கைவைத்தார்கள். 'பெரிய மாற்றம் நிகழ்ந்திருக்கக் கூடாது' என்ற அளவுகோலை வைத்தால் கல்லணைக்குத் தொன்மைச் சான்றிதழ் கிடைக்காது.

படுகையின் வாழ்க்கையே மராமத்தில் நடப்பது. ஆண்டுதோறும் வாய்க்கால் தூர்வார வேண்டும், கரை கட்ட வேண்டும், மதகு பார்க்க வேண்டும். 'குடிமராமத்து' என்ற பெயரில் அந்த உழைப்பு ஊரின் கடமையாக இருந்தது. 1858இல் சென்னை மாகாணம் அதற்கென ஒரு கட்டாய உழைப்புச் சட்டமே இயற்றியது. அச்சட்டத்தின் பாரம் யார் தோளில் இறங்கியிருக்கும் என்பதைத் தஞ்சை ஜில்லாவை அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2017இல் தமிழக அரசு தன் நீர்நிலைச் சீரமைப்புத் திட்டத்துக்கு அதே பெயரை மீண்டும் வைத்தது. நீர் ஓடுவது அணை கட்டியவனால் மட்டுமல்ல, ஒவ்வொரு கோடையிலும் மண்வெட்டி எடுத்தவனால் என்பது இம்மண்ணில் எவருக்கும் தெரியும். கட்டியவன் பெயர் கல்லில் இருக்கிறது. தூர்வாரியவன் பெயர் எங்கும் இல்லை.

மெக்கானிக்கின் பெயரும் அப்படித்தான். தஞ்சையின் எழுத்தாளர்கள் பாடகர்களை, சமையற்காரர்களை, மிராசுதார்களை, நாதசுரக்காரர்களை எழுதியிருக்கிறார்கள். கிரீஸ் படிந்த கையோடு காருக்கடியில் படுத்திருந்தவரை எழுதியது, என் வாசிப்புக்கு எட்டியவரை, மிகக் குறைவு. நம் ஊர்ச் சாலைகளின் அரை நூற்றாண்டு அவர் கையில் இருந்தது.

அந்த அறிவு இப்போது பயன் இழந்து வருகிறது. அம்பாசடர் உற்பத்தி 2014இல் நின்றது. இன்றைய காரில் கார்புரேட்டர் இல்லை, பாயிண்ட் இல்லை. எரிபொருளைக் கணினி அளக்கிறது. பழுது என்ன என்பதைச் சொல்லக்கூடக் கம்பெனியின் கருவி வேண்டும். தாம் வாங்கிய பொருளைத் தாமே பழுதுபார்க்கும் உரிமைக்காக உலகெங்கும் இயக்கங்கள் எழுந்துள்ளன. 2022 டிசம்பரில் இந்திய அரசும் அதற்கென ஓர் இணையதளத்தைத் திறந்தது. புகை குறைந்ததும் பிரேக் மேம்பட்டதும் நன்மையே. ஆக்ஸா பிளேடில் பிளக் அளந்த காலம் திரும்ப வேண்டும் என்று நான் வாதிடவில்லை. ஆனால் ஒரு பொருளின் உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கையால் தொட்டு அறிந்த கடைசித் தலைமுறை இப்போது அறுபது, எழுபது வயதுகளில் இருக்கிறது. அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்வதற்கான அவகாசம் அதிகமில்லை.

ஆகவே, உங்கள் ஊரில் இன்னும் ஒரு பழைய வண்டி நிற்குமானால் அதன் மூல வண்ணம் என்ன என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அந்தப் பற்றவைப்பு எந்த வருஷத்தது, இந்த எஞ்சின் எதிலிருந்து வந்தது, அந்த புஷ்ஷைக் கடைந்தவர் யார், அன்று ஏன் அது கடையில் கிடைக்கவில்லை என்று கேளுங்கள். ஒவ்வொரு ஒட்டுக்குப் பின்னாலும் ஒரு போரோ, ஒரு பஞ்சமோ, டெல்லியில் போடப்பட்ட ஒரு கையெழுத்தோ இருக்கும். கூடவே, அவற்றை மீறி மறுநாள் காலை வண்டியைக் கிளப்பிக் கொடுத்த ஒருவரும் இருப்பார். அவர் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்.